டிரெய்லர் விளக்கு ஒயரிங்கை நீங்களே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரெய்லரை மாட்டியதும் வண்டியின் பின்விளக்குகள் பெரும்பாலும் மறைந்துவிடும். நீங்கள் பிரேக் பிடிப்பதும் திரும்பப் போவதும் பின்னால் வருகிறவருக்குத் தெரிவது டிரெய்லரின் விளக்குகளால்தான். அதனால் ‘எரிகிறது, போதும்’ என்று இந்த வேலையை முடித்துவிடக் கூடாது. மழையிலும் சேற்றிலும் ஓயாத குலுக்கலிலும் வருடக்கணக்கில் எரிய வேண்டும். கீழே உள்ள பதில்கள் 12 வோல்ட் பேட்டரி உள்ள கார், ஜீப், பிக்கப் வண்டிகளையும், அவை இழுக்கும் சிறிய டிரெய்லர்களையும் பற்றியவை.

மின்வேலை அதிகம் தெரியாது. நானே செய்யலாமா?

செய்யலாம். ஒயரின் தோலை உரிப்பது, லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டை) அமுக்குவது, மல்டிமீட்டரில் வோல்ட் பார்ப்பது, இந்த மூன்றும் கைக்கு வந்தால் போதும். 12 வோல்ட் என்பதால் ஷாக் அடிக்கும் என்ற பயம் வேண்டாம். ஆனால் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஒயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். எனவே கையில் இருக்கும் மோதிரத்தையும் கடிகாரத்தையும் முதலில் கழற்றி வையுங்கள். எந்த ஒயர் எது என்று பார்க்கும்போது மட்டும் பேட்டரி இணைந்திருக்கட்டும். வெட்டுவது, இணைப்பது எல்லாம் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகுதான். சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ ரகசிய எண் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்சம் எத்தனை ஒயர் வேண்டும்?

நான்கு. ஒன்று எர்த் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), ஒன்று டெயில் லைட், ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். பிரேக்குக்குத் தனி ஒயர் இல்லையா என்று பலரும் கேட்பார்கள். வட அமெரிக்க வகை டிரெய்லர்களில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பின் ஒரே இழையில் எரியும். பிரேக் மிதித்தால் இரண்டு பக்கமும் நிலையாக எரியும். அதோடு இடது இண்டிகேட்டரும் போட்டால் இடது பக்கம் மட்டும் விட்டுவிட்டு எரியும். ஐரோப்பிய வகையில் இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்தில் தனி, பிரேக் சிவப்பில் தனி. அங்கே நான்கு ஒயர் போதாது.

வேலை தொடங்கும் முன் உங்கள் வண்டி எந்த வகை, டிரெய்லர் எந்த வகை என்று பார்த்து எழுதி வையுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

பிளக்கில் 4 பின், 7 பின், 13 பின் (பின் என்பது உலோக முனை). எனக்கு எது?

டிரெய்லரில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு. வெறும் விளக்குகள் மட்டும் உள்ள சின்ன டிரெய்லருக்கு வட அமெரிக்காவில் 4 பின் தட்டையான பிளக் போதும். 5 பின்னில் கூடுதலாக ஒரு நீல ஒயர் இருக்கும். ரிவர்ஸ் லைட்டுக்கோ, ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பதற்கோ அது பயன்படும். எலக்ட்ரிக் பிரேக், பேட்டரி சார்ஜ் எல்லாம் வேண்டுமென்றால் தட்டைத் தகடுகள் கொண்ட 7 பின் வட்ட சாக்கெட்.

ஐரோப்பிய முறையில் ஐ.எஸ்.ஓ. 1724 என்ற 7 பின் சாக்கெட் பழையது, எளியது. ஐ.எஸ்.ஓ. 11446 என்ற 13 பின் புதியது. அதில் ரிவர்ஸ் லைட், நிரந்தர மின்சாரம், சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பிளக்கை நுழைத்துத் திருகிப் பூட்டுவதால் தண்ணீரும் எளிதில் புகாது. புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் 13 பின் போட்டுவிடுங்கள். பழைய 7 பின் டிரெய்லரை இழுக்க நேர்ந்தால் ஒரு சிறிய அடாப்டர் போதும்.

ஒரு எச்சரிக்கை: அமெரிக்க 7 பின்னும் ஐரோப்பிய 7 பின்னும் பெயரில்தான் ஒன்று. ஒன்றுக்குள் மற்றது நுழையாது, ஒயர் வரிசையும் வேறு.

ஒயரின் நிறத்தைப் பார்த்து இணைத்தால் போதாதா?

போதாது. 4 பின் தட்டைப் பிளக்கில் வெள்ளை எர்த், பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. ஐ.எஸ்.ஓ. 1724-ல் மஞ்சள் இடது இண்டிகேட்டர், நீலம் பின்பக்கப் பனிவிளக்கு, வெள்ளை எர்த், பச்சை வலது இண்டிகேட்டர், பழுப்பு வலது டெயில், சிவப்பு பிரேக், கறுப்பு இடது டெயில். இதுவரை பெரிய முரண் இல்லை.

சிக்கல் அமெரிக்க 7 பின்னில் வருகிறது. அங்கே இரண்டு நிற மரபுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் பச்சை என்றால் வலது இண்டிகேட்டர், பழுப்பு என்றால் டெயில் லைட். கேரவன் வகை டிரெய்லர்களில் பார்க்கும் இன்னொன்றில் பச்சைதான் டெயில் லைட், பழுப்பு வலது இண்டிகேட்டர், சிவப்பு இடது, மஞ்சள் ரிவர்ஸ். இரண்டையும் நிறம் பார்த்து இணைத்தால் இண்டிகேட்டர் போடும்போது டெயில் லைட் கண் சிமிட்டும். இது போதாதென்று, பழைய டிரெய்லராக இருந்தால் முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்த ஒயரை எல்லாம் போட்டிருப்பார். எனவே நிறத்தை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சோதித்த பிறகு நம்புங்கள்.

எந்த ஒயர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டிப் பக்கம்: மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை வண்டியின் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்தில் பிடியுங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து முதலில் பார்க்கிங் லைட், பிறகு இடது, வலது, பிரேக், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஹசார்டு போட்டுச் சோதிக்காதீர்கள், இடமும் வலமும் கலந்துவிடும். தெரிந்ததை உடனே ஒயரிலேயே ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

டிரெய்லர் பக்கம் இன்னும் எளிது. தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியை எடுத்து, நெகட்டிவை டிரெய்லர் பிளக்கின் எர்த் பின்னுக்குக் கொடுங்கள். பாசிட்டிவை 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மற்ற பின்களில் ஒவ்வொன்றாகத் தொட்டால் எது எரிகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எலக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லரில் ஒரு பின்னைத் தொட்டதும் சக்கரப் பக்கம் ‘க்ளிக்’ என்று சத்தம் வந்தால் அது பிரேக் ஒயர். இந்தச் சோதனையை வண்டியோடு இணைக்கும் முன்பே செய்துவிட வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து. டிரெய்லரின் கோளாறு டிரெய்லரில்தான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும், வண்டியைப் பிரித்துத் தேட வேண்டாம்.

வண்டியின் டெயில் லைட் ஒயரிலிருந்தே நேராக இழுத்துவிடலாமா?

பழைய வண்டியில் இழுக்கலாம். அங்கே சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், பல்பு என்று நேர்வழி. ஃபியூஸ் தாங்குமா என்று மட்டும் கணக்குப் பார்த்தால் சரி.

புதிய வண்டிகளில் வேண்டவே வேண்டாம். அவற்றில் விளக்குகளுக்கு மின்சாரம் தருவது ஒரு கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு பல்புக்கும் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று அது அளந்துகொண்டே இருக்கும். டிரெய்லர் பல்பும் சேர்ந்தால் எங்கோ ஷார்ட் என்று நினைத்து அந்த வழியையே மூடிவிடலாம், அல்லது அதன் உள்ளே இருக்கும் பாகம் எரிந்துபோகலாம். அதை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் சரியான மாட்யூலின் (இதற்கென்றே விற்கும் மின்னணுப் பெட்டியின்) விலை ஒன்றுமே இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. சில வண்டிகளில் ஒரே விளக்கு டெயிலுக்கு மங்கலாகவும் பிரேக்குக்கு முழுசாகவும் எரியும். மங்கலாக்குவது வோல்ட்டைக் குறைத்து அல்ல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பித்தான். மல்டிமீட்டரில் 12-க்குப் பதிலாக 3, 5 என்று அரைகுறையாக ஒரு எண் வந்தால் இதுதான் காரணம். அந்த ஒயரில் டிரெய்லர் விளக்கை மாட்டினால் துடித்துத் துடித்து எரியும்.

இதற்கு வழி, பேட்டரியிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கும் மாட்யூல். வண்டியின் விளக்கு ஒயரிலிருந்து ‘இப்போது பிரேக்’, ‘இப்போது இடது’ என்ற சைகையை மட்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் எடுத்துக்கொள்ளும். டிரெய்லரை எரிய வைக்கும் மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும். உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த ஒயரிங் செட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். டெயில் லைட்டின் கனெக்டரைக் கழற்றி நடுவில் மாட்டினால் வேலை முடிந்தது, ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். வாரன்ட்டி உள்ள வண்டிக்கு இதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில், டிரெய்லர் மாட்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் கோடிங் வேலையும் உண்டு. அது முடிந்தால்தான் ரிவர்ஸ் சென்சார் டிரெய்லரைப் பார்த்துக் கத்தாமல் இருக்கும்.

என் வண்டியில் இண்டிகேட்டர் தனி, பிரேக் தனி. டிரெய்லரில் இரண்டும் ஒரே பல்பு. ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிடலாமா?

கூடாது. பிரேக் ஒயர் இரண்டு பக்கத்துக்கும் பொது. இடது இண்டிகேட்டரை அதோடு சேர்த்தால், இடதுக்கு வரும் மின்சாரம் பிரேக் ஒயர் வழியாக வலதுக்கும், வண்டியின் பிரேக் லைட்டுகளுக்கும் ஓடும். எந்தப் பக்கம் போட்டாலும் எல்லாமே சிமிட்டும். இதற்கென்றே கன்வெர்ட்டர் இருக்கிறது. இடது, வலது, பிரேக் என்ற மூன்று சைகைகளை வாங்கி இரண்டாக மாற்றித் தரும். மேலே சொன்ன பேட்டரி மாட்யூல்கள் பலவற்றில் இது உள்ளேயே இருக்கும். வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரெய்லரும் இரும்பு, வண்டியும் இரும்பு, இழுக்கும் கொக்கியும் இரும்பு. எர்த்துக்குத் தனி ஒயர் எதற்கு?

டிரெய்லர் விளக்குத் தொல்லைகளில் பெரும்பங்கு எர்த்தில்தான் பிறக்கிறது. அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கொக்கி உருண்டையில் கிரீஸ் தடவியிருக்கும், மேலே துரு இருக்கும். வண்டி ஓடும்போது டிரெய்லர் அதன்மேல் ஆடி ஆடி நழுவும். ஒரு நொடி தொடும், மறுநொடி விடும். அதை நம்பி மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. பாசிட்டிவ் ஒயர்களை அக்கறையாக இழுத்துவிட்டு எர்த்தை ஏனோதானோ என்று விடுவது, மடையைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்து வைப்பது போலத்தான்.

கணக்கையும் பாருங்கள். பிரேக் பல்பு 21 வாட், இரண்டு பக்கமும் 42. டெயில் 5 வாட் வீதம் 10. நம்பர் பிளேட் விளக்கு 5. இண்டிகேட்டர் ஒரு பக்கம் 21. எல்லாம் சேர்ந்து 78 வாட், 12 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். பாசிட்டிவ் ஒயர்கள் இந்தச் சுமையை நான்கைந்தாகப் பிரித்துக்கொள்கின்றன. திரும்பி வரும்போது மொத்தமும் ஒரே எர்த் ஒயரில் வருகிறது. அதனால்தான் எர்த் ஒயர் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்க வேண்டும்.

எர்த் போல்ட் போடும் முறை இது. வண்டியின் சேசிஸில் ஒரு இடம் தேர்ந்தெடுத்து, ஒரு நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேயுங்கள். பெயிண்ட் போய், அடியில் இருக்கும் பிரைமரும் போய், இரும்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் அது இன்னும் பிரைமர்தான், மேலும் தேயுங்கள். வட்ட லக்கை நேராக இரும்பின்மேல் வைத்து, பல் வைத்த வாஷர் போட்டு, நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். தகரத்தில் திருகும் ஸ்க்ரூ சில மாதக் குலுக்கலில் தளர்ந்துவிடும், வேண்டாம். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயிண்ட்டோ பூசி மூடிவிடுங்கள். மூடுவது கடைசியில்தான், முதலில் அல்ல.

டிரெய்லர் பக்கம் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் பிளக்கின் எர்த் ஒயரோடு சேர்ப்பதையே நான் விரும்புகிறேன். விளக்கைப் பொருத்தும் போல்ட் வழியாகவே எர்த் எடுக்கும் விளக்குகள் நிறைய உண்டு. புதிதாக இருக்கும்போது நன்றாகவே எரியும். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் போல்ட் துருப்பிடிக்கும்போது தெரியும்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

விளக்குகளை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை டிரெய்லர் விளக்கின் எர்த் இணைப்பிலும், மறுமுனையை வண்டி பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். இடையில் நீளமான ஒயர் ஒன்று தேவைப்படும். 0.1, 0.2 வோல்ட் என்று காட்டினால் அருமை. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ துருவோ தளர்ந்த லக்கோ இருக்கிறது. முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் எண் சட்டென்று குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. விளக்கை அணைத்துவிட்டு ஓம் அளந்தால் இது சிக்காது. ஒரே ஒரு கம்பி இழை மிச்சம் இருந்தாலும் ஓம் மீட்டர் ‘சரி’ என்றுதான் சொல்லும்.

ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

வீட்டுக்குள் இருக்கும் ரேடியோவுக்குக்கூட அது நல்ல வேலை அல்ல. டிரெய்லருக்கு அடியில் சக்கரம் தண்ணீரை வாரி அடிக்கும். டேப்பின் பசை வெயிலில் இளகிக் கழன்றுவிடும். பிறகு செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். அது இணைப்போடு நிற்காது, ஒயரின் தோலுக்குள்ளேயே ஊறிக்கொண்டு போகும். பழைய டிரெய்லர் ஒயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே இழைகள் கறுத்திருக்கும். அப்படியானால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு முழம் வெட்டியும் வரவில்லை என்றால் ஒயரையே மாற்றிவிடுங்கள்.

ஒயரை வெட்டாமல் மேலே வைத்து அமுக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் உண்டு. உள்ளே இருக்கும் தகடு தோலைக் கீறி இழையைத் தொடும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் சில இழைகள் அறுபடும், தண்ணீருக்கும் வாசல் திறந்துவிடும். வண்டியின் உள்ளே, ஈரம் படாத இடத்தில் வேண்டுமானால் ஏற்கலாம், வெளியே கூடாது.

எனக்கு நம்பிக்கையானது, உள்ளே பசை தடவிய ஸ்லீவ் உள்ள கிரிம்ப் இணைப்பு (ஒயர்களை உலோகக் குழாய்க்குள் அமுக்கிப் பிடிக்கவைப்பது). இரண்டு ஒயர்களையும் நுழைத்து, கிரிம்பிங் கருவியால் அமுக்கி, இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். பிறகு சூடுகாற்றுக் கருவியால் காட்டினால் ஸ்லீவ் சுருங்கி, இரண்டு முனையிலும் பசை ஒரு வளையமாகப் பிதுங்கும். அந்த வளையம் தெரிந்தால்தான் தண்ணீர் புகாது என்று அர்த்தம். சாதாரண இடுக்கியால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது.

ஈயம் வைத்துப் பற்றவைப்பது இன்னும் உறுதி இல்லையா?

மின்சாரம் போவதற்கு நல்லதுதான். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரை விறைப்பாக்கிவிடும். விறைப்பும் நெளிவும் சந்திக்கும் இடத்தில் குலுக்கல் தாக்கி, நாளடைவில் ஒயர் ஒடியும். செய்வதானால் பசை ஸ்லீவ் போட்டு மூடி, இரண்டு பக்கமும் ஒயர் ஆடாமல் கட்டிவிடுங்கள்.

எவ்வளவு தடிமனான ஒயர்?

விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ., எர்த்துக்கு 2.5 சதுர மி.மீ. அமெரிக்க அளவில் 16 கேஜ், 14 கேஜ் கிட்டத்தட்ட இதற்கு ஈடு. பல இழைகள் கொண்ட வாகன ஒயராக இருக்க வேண்டும், ஒற்றைக் கம்பி ஒயர் குலுக்கலில் முறிந்துவிடும்.

ஏன் இவ்வளவு என்றால், 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம் தடை. ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டு பிரேக் பல்புகளின் மூன்றரை ஆம்பியர் போனால் கால் வோல்ட் குறையும். அதில் பாதியான 0.75 சதுர மி.மீ. ஒயர் போட்டால் அரை வோல்ட். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாக விழும். 12 வோல்ட் 11 ஆகும்போது வெளிச்சத்தில் கால்வாசி போய்விடுகிறது. நல்ல வெயிலில் பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியாமல் போவது இப்படித்தான்.

ஃபியூஸ் எங்கே போடுவது?

பேட்டரிக்குப் பக்கத்தில், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பின்பக்கம் மாட்யூலுக்கு அருகில் போட்டால் பயனில்லை. நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் நீளம் முழுவதும் பாதுகாப்பின்றி எரியும். மாட்யூலோடு வரும் குறிப்பில் என்ன ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதையே போடுங்கள், பெரும்பாலும் 10 அல்லது 15 இருக்கும். வேலை எல்லாம் முடித்துச் சரிபார்த்த பிறகு கடைசியாகத்தான் ஃபியூஸைச் செருக வேண்டும்.

ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது?

சைலன்சர் குழாயிலிருந்து எட்டி, ஸ்பிரிங், அச்சு போன்ற அசையும் பாகங்களிலிருந்தும் எட்டி. இரும்பில் துளை வழியாக நுழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் புஷ் வேண்டும். இல்லாவிட்டால் துளையின் விளிம்பு கத்தியாகிவிடும். ஒயர்களை நெளிகுழாய்க்குள் போட்டு, சேசிஸில் முழத்துக்கு ஒரு கிளிப் போடுங்கள். கீழ்த்தளத்துக்கு அடியில் தொங்கவிடாமல் சட்டத்தின் உள்பக்கமாகக் கொண்டுபோனால் கல்லடி படாது.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையிலான நீளத்தை, வண்டியை முழுசாக வளைத்து நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துத் தீர்மானியுங்கள். வளைவில் விறைக்கவும் கூடாது, நேராக ஓடும்போது தரையில் உரசவும் கூடாது.

எல்.இ.டி. விளக்கு போட்டதும் இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடிக்கிறது. ஏன்?

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். பல்பு ஒன்று போய்விட்டால் ஓட்டுநருக்குத் தெரிவிப்பதற்காக வேகத்தைக் கூட்டுவது வண்டியின் இயல்பு. எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பல்பு இல்லை என்றே வண்டி நினைக்கிறது. பேட்டரியிலிருந்து இயங்கும் மாட்யூல் இருந்தால், டிரெய்லரில் எந்த விளக்கு இருந்தாலும் வண்டிக்குத் தெரியப்போவதில்லை, இந்தத் தொல்லையும் பொதுவாக வராது.

ரெசிஸ்டர் போடுவது இன்னொரு வழி. 6 ஓம், 50 வாட் என்று விற்பார்கள். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் எடுத்து 24 வாட் சூட்டைக் கக்கும், கையை வைத்தால் சுட்டுவிடும். பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இரும்பில் போல்ட் போட்டு வையுங்கள்.

ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் எல்லாம் சேர்ந்து மங்கலாகத் துடிக்கிறது.

எர்த். முதலில் அங்கேதான் தேடுங்கள். எர்த் துண்டித்துப்போனால் மின்சாரம் இன்னொரு பல்பின் இழை வழியாகத் திரும்பும் வழியைத் தேடும். ஒரே பல்பில் டெயிலுக்கு ஓர் இழை, பிரேக்குக்கு ஓர் இழை இருப்பதால் அந்தப் பாதை எளிதாகக் கிடைத்துவிடுகிறது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து டிரெய்லர் விளக்கின் எர்த் இணைப்புக்கு ஒரு தற்காலிக ஒயர் கொடுத்துப் பாருங்கள். உடனே சரியானால் சந்தேகமே இல்லை.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை.

பல்பு, ஹோல்டர், அந்தப் பக்கத்து ஒயர், இந்த வரிசையில் பாருங்கள். ஹோல்டரின் அடியில் இருக்கும் பித்தளை முனை களிம்பேறியோ அமுங்கியோ இருப்பதுதான் அதிகம். டிரெய்லரைக் கழற்றி வண்டியின் சாக்கெட்டில் மீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால், கோளாறு எந்தப் பக்கம் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படகு டிரெய்லருக்குத் தனியாக ஏதாவது உண்டா?

தண்ணீரில் இறக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பிரேக் மிதித்துச் சூடேறிய பல்பு குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் விரிசல் விடும். முழுவதும் அடைத்து மூடிய எல்.இ.டி. விளக்குகள் படகுக்கு மிக ஏற்றவை. உப்புத் தண்ணீர் என்றால், கரையேறியதும் நல்ல தண்ணீரால் விளக்கையும் ஒயரையும் கழுவ வேண்டும்.

24 வோல்ட் லாரியில் என் டிரெய்லரை மாட்டலாமா?

நேராக மாட்டினால் 12 வோல்ட் பல்புகள் அந்தக் கணமே போய்விடும். வோல்ட்டைக் குறைக்கும் மாட்யூல் இருந்தால் மட்டும்.

எலக்ட்ரிக் பிரேக் ஒயரிங்கையும் சேர்த்துச் செய்துவிடலாமா?

விளக்கு வேலையில் கை பழகிய பிறகு செய்யுங்கள். அதற்கு ஓட்டுநர் அருகில் பிரேக் கன்ட்ரோலர், தடித்த ஒயர், டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் சுவிட்ச், அதற்கெனத் தனி பேட்டரி எல்லாம் வேண்டும். விளக்கில் தவறினால் விளக்கு எரியாது. அங்கே தவறினால் டிரெய்லர் நிற்காது.

சட்டப்படி என்னென்ன விளக்கு இருக்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர் விதியைப் பார்த்தே விளக்கு வாங்குங்கள். அமெரிக்காவில் 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள டிரெய்லருக்கு, அகலத்தைக் காட்டும் ஓர விளக்குகளும் பின்னால் நடுவில் மூன்று சிவப்பு விளக்குகளும் கூடுதலாக வேண்டும். ஐரோப்பாவில் பின்னால் முக்கோண வடிவச் சிவப்பு ரிஃப்ளெக்டர்கள் கட்டாயம். ரிஃப்ளெக்டர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒயரிங் மொத்தமும் செத்துப்போன இரவில் உங்களைக் காட்டிக்கொடுப்பவை அவைதான்.

கிளம்பும் முன் எப்படிச் சோதிப்பது? உதவிக்கு ஆள் இல்லை.

பார்க்கிங் லைட்டைப் போட்டு ஒரு சுற்று, இடது ஒரு சுற்று, வலது ஒரு சுற்று. பிரேக்குக்கு, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். அப்புறம் மிக முக்கியமானது: எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். பார்க்கிங் எரிய, பிரேக் அமுங்கியிருக்க, இடது இண்டிகேட்டர் அடிக்க வேண்டும். பிறகு வலது. தனித்தனியாக எரியும்போது ஒளிந்துகொள்ளும் எர்த் கோளாறு இந்தச் சுமையில்தான் வெளியே வரும்.

பிளக்கின் பின்களில் மின்கடத்தாத கிரீஸ் மெல்லிதாகத் தடவி வையுங்கள். கழற்றிய பிளக்கைத் தரையில் போடாமல், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள். புதிய ஒயரிங் என்றால், பார்க்கிங் லைட்டைப் போட்டபடியே 20 கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, பிளக்கையும் எர்த் போல்ட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இரும்பைவிடச் சூடாக இருக்கும் இணைப்பைக் கழற்றி மறுபடி செய்யுங்கள்.